ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது, நோயாளி எப்படி இருக்கிறார்?

மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்கள் பலரின் ஈசிஜி தாளில், சீரான துடிப்புகளுக்கு நடுவே முந்திக்கொண்டு வரும் துடிப்பு ஒன்று அவ்வப்போது தலைகாட்டும். அப்படித் துடிக்கும் இதயம் திடீரென்று நின்றுபோகும் ஆபத்து அதிகம் என்பது மருத்துவர்களுக்கு நெடுநாளாகத் தெரிந்த விஷயம். ஆகவே அந்த முந்திய துடிப்பை அடக்கிவிட்டால் சாவைத் தடுக்கலாம் என்று நினைத்தார்கள். என்கெய்னைட், ஃபிளகெய்னைட் என்ற மாத்திரைகள் அந்த வேலையைக் கச்சிதமாகச் செய்தன. மாத்திரை போட்டதும் தாளில் கோடுகள் ஒழுங்குக்கு வந்துவிடும். எழுதிக் கொடுத்தவருக்கும் நிம்மதி, விழுங்கியவருக்கும் நிம்மதி. இது உயிரைக் காக்கிறதா என்று பார்த்துவிடலாம் என 1987-ல் அமெரிக்காவில் காஸ்ட் என்ற ஆய்வு தொடங்கியது. மருந்துக்குத் துடிப்பு அடங்கியவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டு, குலுக்கல் முறையில் ஒரு பாதிக்கு மருந்தும் மறு பாதிக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்தார்கள். இந்த இரண்டு மருந்துகள் மீதான பகுதியை 1989 ஏப்ரலில் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. சராசரியாகப் பத்து மாதக் கண்காணிப்பில், மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். போலி மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர்.

இந்த எண்களைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு இதய மருத்துவர் இந்த மருந்தை 25 பேருக்குக் கொடுத்திருந்தால் பத்து மாதத்தில் அவர்களில் இரண்டு பேர் இறந்திருப்பார்கள். கொடுக்காமல் விட்டிருந்தால் ஒருவர் இறந்திருப்பார். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களில் இரண்டு பேர் இறந்ததற்கு எந்த மருத்துவர் மாத்திரையைச் சந்தேகிப்பார்? நோய் முற்றிவிட்டது என்றுதான் நினைப்பார். அதில் அவரைக் குறைசொல்ல ஏதுமில்லை. கூடவே, மற்ற 23 பேரும் நல்ல ஈசிஜியுடன் நன்றி சொல்ல வந்து நிற்கிறார்கள். முப்பது வருட அனுபவமும் கூர்மையான கண்ணும் உள்ளவராலும் தன் அறையில் உட்கார்ந்தபடி இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆயிரக்கணக்கான நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, கடைசியில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று எண்ணுவதற்கு இணையான வழி மருத்துவத்தில் இன்னும் வரவில்லை. அந்த எண்ணிக்கை கைக்கு வராதவரை, ரிப்போர்ட்டில் தெரியும் முன்னேற்றத்தை நோயாளியின் முன்னேற்றமாகக் கணக்கில் எழுதக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

சர்க்கரை நோயில் இதே கதை வேறு வடிவில் வந்தது. சுகர் கூடினால் கண், சிறுநீரகம், இதயம் எல்லாம் கெடும் என்பதில் ஐயமில்லை. அப்படியானால் மூன்று மாத சராசரி சுகரை, அதாவது எச்பிஏ1சி அளவை, நோயில்லாதவர்களுக்கு இருப்பதுபோல 6 சதவீதத்துக்கும் கீழே இறக்கிவிட்டால் இன்னும் நல்லதுதானே? அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 பேரை வைத்து நடந்த அக்கார்ட் ஆய்வு இதைச் சோதித்தது. ஒரு தரப்புக்கு 6-க்குக் கீழே என்ற கறாரான இலக்கு. மறு தரப்புக்கு 7-க்கும் 7.9-க்கும் இடையே. கறாரான தரப்பில் 257 பேரும் மறு தரப்பில் 203 பேரும் இறந்திருந்த நிலையில், 2008 பிப்ரவரியில் அந்தக் கறாரான சிகிச்சை கைவிடப்பட்டது. இதை வைத்துக்கொண்டு சுகரைக் கட்டுப்படுத்தவே வேண்டாம் என்று யாராவது சொன்னால் அது அபத்தம். ஆய்வில் இரண்டு தரப்பினருமே கட்டுப்பாட்டில் இருந்தவர்கள்தான். கண்ணிலும் சிறுநீரகத்திலும் வரும் கோளாறுகளைச் சுகர் கட்டுப்பாடு குறைக்கிறது என்பதைப் பிரிட்டனின் யுகேபிடிஎஸ் ஆய்வு 1998-லேயே காட்டிவிட்டது. அக்கார்ட் உடைத்தது வேறொன்றை: எண் குறையக் குறைய ஆயுள் கூடும் என்ற நம்பிக்கையை.

இவை எல்லாவற்றிலும் மனதை அதிகம் உலுக்கியது குழந்தை மருத்துவத்திலிருந்து வந்த ஃபீஸ்ட் ஆய்வு. கென்யா, உகாண்டா, தான்சானியா மருத்துவமனைகளுக்குக் கடும் காய்ச்சலோடு, கைகால் சில்லிட்டு, ரத்த ஓட்டம் தளர்ந்த நிலையில் குழந்தைகள் வருவார்கள். பலருக்கு மலேரியா இருக்கும். இப்படிப்பட்ட குழந்தைக்கு உடனே, வேகமாக ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டும் என்பது பாடப்புத்தகப் பாடம். வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய குழந்தைகளைத் தவிர்த்துவிட்டு, 3,141 குழந்தைகளை ஆய்வு மூன்றாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு சலைன், ஒரு பிரிவுக்கு அல்புமின், இரண்டும் வேகமாக ஏற்றப்பட்டன. மூன்றாவது பிரிவுக்கு அப்படி எதுவும் ஏற்றாமல் வழக்கமான சிகிச்சை மட்டும் கொடுக்கப்பட்டது. முதல் ஒரு மணி நேரத்தில், வேகமாக ஏற்றப்பட்ட குழந்தைகளிடம்தான் ரத்த ஓட்டம் மேம்பட்ட அறிகுறிகள் கூடுதலாகத் தெரிந்தன. கட்டிலருகே நின்ற செவிலியருக்கும் தாய்க்கும் குழந்தை தேறுவதாகத்தான் பட்டிருக்கும். ஆனால் 48 மணி நேரத்தில் அல்புமின் பிரிவில் நூற்றுக்கு 10.6 குழந்தைகளும், சலைன் பிரிவில் 10.5 குழந்தைகளும் இறந்தார்கள். ஏற்றப்படாத பிரிவில் இறந்தவர்கள் 7.3. முடிவுகள் 2011-ல் வெளிவந்தபோது குழந்தை மருத்துவர்கள் பலர் நம்ப மறுத்தார்கள். வெண்டிலேட்டரும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள நகரத்து மருத்துவமனைக்கு இந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது என்ற அவர்களது வாதம் நியாயமானதும்கூட. ஆனால் அந்த வசதிகள் இல்லாத இடங்களில்தான் இப்படிப்பட்ட குழந்தைகள் அதிகம். அங்கே எது நடக்கிறது என்பதை ஃபீஸ்டுக்கு முன்னால் யாரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். கொரோனா முதல் அலையில் பிளாஸ்மா தானம் கேட்டு வாட்ஸ்அப்பில் பறந்த வேண்டுகோள்கள் பலருக்கு நினைவிருக்கும். குணமானவரின் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்கள் இருக்கின்றன. அவற்றை எடுத்து நோயாளிக்கு ஏற்றினால் வைரஸ் ஒழியும் என்ற கணக்கில் பிழை எதுவும் தெரியவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் இதைச் சோதித்தது. பிளாசிட் என்று பெயர். பிளாஸ்மா பெற்றவர்களில், ஏழாம் நாளில் வைரஸ் இல்லை என்று பரிசோதனை முடிவு வந்தவர்கள் அதிகமாகவே இருந்தார்கள். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தால் வெற்றி. ஆனால் 28 நாளில் நோய் முற்றியவர்கள் அல்லது இறந்தவர்கள் பிளாஸ்மா தரப்பில் 19 சதவீதம், மறு தரப்பில் 18 சதவீதம். அந்த முடிவு வந்த பிறகும் பல மாதங்கள் பிளாஸ்மாவுக்காக ஆளாய்ப் பறந்தோம். 2021 மே மாதம்தான் சிகிச்சை வழிகாட்டியிலிருந்து அது நீக்கப்பட்டது.

எலும்பு மருத்துவத்தைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் விட மனமில்லை. மூட்டுத் தேய்மானத்துக்குத் துளை வழியே உள்ளே கழுவிச் சுரண்டும் அறுவை சிகிச்சையை, தோலை மட்டும் கீறித் தைத்த பாவனை அறுவையோடு ஹூஸ்டனில் 180 பேரிடம் ஒப்பிட்டார்கள். வலியிலும் நடமாட்டத்திலும் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை என்று 2002-ல் தெரியவந்தது.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் முதலாவது, ஒவ்வொரு நோயாளியும் வேறு, சராசரியை வைத்து ஒருவருக்கு வைத்தியம் பார்க்க முடியாது என்பது. உண்மைதான். ஆனால் யார் எப்படி வேறு என்பதைக் கண்டுபிடிக்கவும் பெரிய ஆய்வுகளே உதவுகின்றன. டெக்சாமெதசோன் என்ற விலை மலிவான பழைய ஸ்டீராய்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் ரிகவரி ஆய்வில், வெண்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பை அது 41.4 சதவீதத்திலிருந்து 29.3 சதவீதமாகக் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கும் ஓரளவு உதவியது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பயன் ஏதும் இல்லை. தீங்காகவும் இருந்திருக்கலாம் என்றே எண்கள் காட்டின. இந்த வித்தியாசம் 2020 ஜூன் மாதமே உலகத்துக்குத் தெரியும். மறு ஆண்டு இரண்டாம் அலையில், லேசான காய்ச்சலுக்கும் வீட்டிலேயே ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் நம்மிடையே ஏராளம். கறுப்புப் பூஞ்சை நோய் பெருகியதில் தேவையற்ற ஸ்டீராய்டுக்கும் கட்டுமீறிய சுகருக்கும் பங்கு உண்டு என்று மருத்துவர்கள் அப்போதே எச்சரித்தார்கள்.

இரண்டாவது ஆட்சேபம் அறம் சார்ந்தது. நல்ல மருந்து என்று நினைப்பதை ஒரு பாதி நோயாளிகளுக்குக் கொடுக்காமல் விடுவது அநியாயமில்லையா? காஸ்ட் ஆய்வில் அந்த அநியாயத்துக்கு ஆளானவர்கள்தான் கூடுதலாகப் பிழைத்தார்கள். ஆய்வு முடியும்வரை யாருக்கு அநியாயம் நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்பதே குலுக்கலை நியாயப்படுத்துகிறது. இந்த ஆட்சேபத்துக்கு உண்மையான வலு ஒப்புதல் வாங்கும் இடத்தில்தான் இருக்கிறது. ஏழை நோயாளி, நிறைய படித்திராதவர், மருத்துவர் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறார் என்றால் அது சம்மதமா, பயமா? இந்தியாவின் 2019 விதிகள் ஆய்வால் பாதிக்கப்பட்டவருக்கு இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்கின்றன. விதி இருப்பது ஆறுதல். கடைப்பிடிக்கப்படுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாவது ஆட்சேபத்தைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். சாவை எண்ணும்வரை காத்திருந்தால் அதற்குள் பலர் செத்துப்போவார்கள். எய்ட்ஸ் நோயாளிகள் அப்படித்தான் போராடினார்கள். ரத்தத்தில் வைரஸ் அளவு குறைவதை நம்பி மருந்துகள் சீக்கிரமாக அனுமதிக்கப்பட்டன, அந்த நம்பிக்கை பொய்க்கவும் இல்லை. வைரஸ் குறைந்தவர்கள் நெடுநாள் வாழ்ந்தார்கள். ரத்த அழுத்தமும் அப்படியே: எண்ணைக் குறைத்தால் பக்கவாதம் குறைகிறது. ஆனால் இந்த எண்களுக்கு அந்த மரியாதை கிடைத்தது, பின்னால் உயிர்களை எண்ணிச் சரிபார்த்ததால்தான். அந்தச் சரிபார்ப்பு நடக்கும்போது தலைகீழாகவும் போகலாம். முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு அவாஸ்டின் என்ற மருந்து, கட்டி வளர்வதைத் தள்ளிப்போடுகிறது என்பதற்காக 2008-ல் அமெரிக்காவில் அவசர அனுமதி பெற்றது. ஆயுள் கூடவில்லை, பக்கவிளைவுகள் கடுமை என்று தெரிந்தபின் 2011-ல் அந்த அனுமதி பறிக்கப்பட்டது. அவசர அனுமதி தவறில்லை. அனுமதி கொடுத்த பிறகு எண்ணாமல் விடுவதுதான் தவறு.

எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும் என்பதற்குச் சென்னையைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1956-ல் இங்கே காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியபோது, நோயாளிக்குச் சானடோரியம், ஓய்வு, சத்தான சாப்பாடு, சுத்தமான காற்று எல்லாம் கட்டாயம் என்பதே உலக வழக்கு. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் தலைமையில், 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவைச் சானடோரியத்திலும் மறு பிரிவை நெரிசலான தங்கள் வீடுகளிலேயும் வைத்து ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை நன்றாகக் கூடியது. கிருமி அடங்கியவர்கள் அங்கே 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் உடனிருந்தவர்களுக்கும் கூடுதலாக நோய் தொற்றவில்லை. இந்த முடிவு உலகெங்கும் சானடோரியங்களை மூடவைத்தது. லட்சக்கணக்கானோர் வேலையையும் குடும்பத்தையும் இழக்காமல் சிகிச்சை பெற வழி திறந்தது.

அதோடு, மருந்து ஒழுங்காகக் கிடைத்தால் சாப்பாடு இரண்டாம்பட்சம் என்ற எண்ணமும் ஊறிப்போனது. அறுபது ஆண்டுகள் கழித்து, அதே மையத்தின் இன்றைய வடிவமான தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் பங்கேற்ற ரேஷன்ஸ் ஆய்வு ஜார்க்கண்டில் வேறொரு கேள்வி கேட்டது: வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் அரிசியும் பருப்பும் கொடுத்தால் அவர்களுக்கு நோய் வருவது குறையுமா? 10,345 பேரைப் பின்தொடர்ந்ததில் குடும்பத்தினருக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது என்று 2023-ல் தெரிந்தது. சென்னை ஆய்வு பொய்யாகிவிடவில்லை. சாப்பாட்டின் பலன் தெரியும் இடத்தை அது எண்ணவில்லை, அவ்வளவுதான். ரேஷன்ஸ் நோயாளிகளில் முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீதம் எடை கூடியவர்களிடம் இறப்பு மிகக் குறைவாக இருந்தது. எடை கூடியதால்தான் பிழைத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். நோய் தணிந்ததால் எடை கூடியிருக்கலாம், எடையும் ஒரு ரிப்போர்ட் எண்தான்.

இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். சுகருக்கும் பிரஷருக்கும் எழுதப்படும் வழக்கமான மருந்துகளில் பெரும்பாலானவை இந்த எண்ணிக்கைத் தேர்வை எழுதித் தேறியவை. கேள்வி கேட்க வேண்டியது அடுத்த முறை ஒரு புதிய சிகிச்சை பற்றித் தலைப்புச் செய்தி வரும்போது. இந்தியாவில் மருந்து ஆய்வுகள் தொடங்கும் முன்பே சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் பதிவாக வேண்டும் என்பது 2009 ஜூன் முதல் கட்டாயம். ஆய்வாளர்கள் எதை முதன்மை விளைவாக எண்ணப் போகிறார்கள் என்று ஒவ்வொரு பதிவிலும் எழுதியிருக்கும். அங்கே இருப்பது ரத்தப் பரிசோதனை அளவா, அல்லது இறப்பு, பக்கவாதம், நடக்கும் திறன் போன்றவையா என்று பாருங்கள். அந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.