புள்ளியியல் மென்பொருளில் வரைபட அளவும் பிரிதிறனும் – தமிழாய்வு நோக்கு

முன்னுரை

சொல்லடைவு, திணைப் பகுப்பு, வட்டார வழக்கு முதலியவற்றின் எண்ணிக்கைத் தரவுகளை வரைபடமாக்கிக் காட்டும் முறை தமிழாய்வில் பெருகி வருகின்றது. நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இகாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகிய இருவரும் உருவாக்கிய ‘ஆர்’ என்னும் கட்டற்ற மென்பொருள் இதற்குப் பயன்படுகின்றது. திரையில் தெளிவாகத் தோன்றும் வரைபடம், அச்சேறும்போது மங்கியோ எழுத்துச் சிறுத்தோ அமைவதுண்டு. அதன் காரணத்தையும் தீர்வையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சான்றுத் தரவு

அகநானூற்றின் 400 பாடல்களும் எண்முறையால் திணை வகுக்கப்பெற்றவை. ஒற்றைப்படை எண் பெற்றவை பாலை (200). 2, 8 என முடிபவை குறிஞ்சி (80). 4 என முடிபவை முல்லை (40). 6 என முடிபவை மருதம் (40). 10, 20 எனப் பத்தாக வருபவை நெய்தல் (40). இத்தரவை ஐந்து பட்டைகள் கொண்ட வரைபடமாக ‘ஆர்’ மென்பொருளில் வரைவதாகக் கொள்வோம்.

அளவும் பிரிதிறனும்

பிக்சல் எனப்படும் படவணுக்களின் தொகுதியே பிஎன்ஜி வகைப் படம். ஓர் அங்குலத்தில் எத்தனை படவணுக்கள் அமைகின்றன என்பதே பிரிதிறன். அச்சளவை அங்குலத்தில் கொண்டு பிரிதிறனால் பெருக்கினால் தேவையான படவணுக்களின் எண்ணிக்கை கிட்டும்.

அளவு எதுவும் குறிப்பிடாவிடின் ‘ஆர்’ 480 × 480 படவணுக்கள் கொண்ட படத்தை அங்குலத்திற்கு 72 என்னும் கணக்கில் தருகின்றது. அச்சகங்கள் பொதுவாக எதிர்பார்க்கும் 300 பிரிதிறனில் அப்படத்தின் அகலம் 1.6 அங்குலம், அதாவது ஏறத்தாழ 4 செ.மீ. மட்டுமே. அதனை 12 செ.மீ. அகலத்திற்கு நீட்டினால் பிரிதிறன் ஏறத்தாழ 100 ஆகக் குறைந்து, எழுத்தின் விளிம்புகள் படிக்கட்டுப்போல் தோன்றும்.

அகலத்தை மட்டும் 2400 படவணுக்களாக உயர்த்துவது இதற்குத் தீர்வாகாது. பிரிதிறன் 72 ஆகவே இருப்பதால் 12 புள்ளி அளவுள்ள எழுத்து 12 படவணு உயரமே பெறும். அப்படம் 300 பிரிதிறனில் 8 அங்குல அகலத்தில் அச்சாகும்போது, எழுத்தின் உயரம் ஏறத்தாழ 1 மி.மீ. ஆகிவிடும். பிரிதிறனையும் 300 எனக் குறித்தால் அதே எழுத்து 50 படவணு உயரம் பெறும். எனவே முதலில் முடிவு செய்ய வேண்டியது அச்சளவே. 12 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரம், 300 பிரிதிறன் என அலகுடன் கட்டளையிட்டால், ஏறத்தாழ 1417 × 945 படவணுக்களை மென்பொருளே கணித்துக்கொள்ளும். வரைந்து முடித்த படத்தைப் பிறிதொரு செயலியில் பெரிதாக்குவதால் புதிய நுட்பம் எதுவும் சேர்வதில்லை.

மெய்ப்புள்ளியும் படவணுவும்

மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய நூன்மரபு கூறும் இலக்கணம். 12 படவணு உயரமுள்ள எழுத்தில் அப்புள்ளி ஓரிரு படவணுக்களுள் அடங்கிவிடும். படம் சுருக்கப்படும்போது முற்றிலும் மறைந்துவிடவும் கூடும். ‘நெய்தல்’ போன்ற அறிந்த சொல்லைப் படிப்போர் ஊகித்துக்கொள்வர். சொல்லடைவு வரைபடத்தில் அவ்வாறு ஊகிக்க இயலாது. ‘இல்’ என்பது வீடு. ‘இல’ என்பது இல்லாதவை என்னும் பொருள்தரும் குறிப்பு வினைமுற்று. புள்ளி மறைந்தால் இரு பட்டைகளுக்கும் ஒரே பெயர் அமைந்து சான்றே பிழைபடும். புள்ளியிடாத ஓலைச்சுவடிகளால் பதிப்பாசிரியர்கள் உற்ற இடர் நாம் அறிந்ததே. அவ்விடரை அச்சுக்காலத்தில் நாமே மீண்டும் தோற்றுவித்தல் தகாது.

நிலவரைபடம்

புதுச்சேரிப் பகுதி தமிழக எல்லையோடு பின்னிப் பல துண்டுகளாக அமைந்தது. தமிழகத்தின் வடதென் நீளமான ஏறத்தாழ 600 கி.மீ.-ஐ 480 படவணுக்களில் வரைந்தால் ஒரு படவணு 1.25 கி.மீ. ஆகும். மண்ணாடிப்பட்டுக் கொம்யூனைச் சார்ந்த திருக்கனூர் போன்ற ஊர் அதில் ஓரிரு படவணுக்களாகச் சுருங்கும். அருகிலுள்ள விழுப்புரம் மாவட்ட ஊர்களினின்று அதன் வழக்கைப் பிரித்துக் காட்ட இயலாது. 16 செ.மீ. உயரமும் 300 பிரிதிறனும் கொண்ட படத்தில் ஒரு படவணு ஏறத்தாழ 0.32 கி.மீ. ஆகும். எல்லையோர ஊர்களை இதனினும் நுணுக்கமாகக் காட்ட அப்பகுதிக்கெனத் தனிப்படம் வரைதல் நலம்.

கோப்பு வகை

பிடிஎஃப், எஸ்விஜி ஆகியவை கோடுகளைக் கணித வடிவில் சேமிப்பதால் எவ்வளவு பெரிதாக்கினும் மங்குவதில்லை. ஆயின் ‘ஆர்’ மென்பொருளின் இயல்பான பிடிஎஃப் வெளியீடு தமிழ் எழுத்துகளை உரியவாறு தருவதில்லை. கெய்ரோ வழியிலான வெளியீட்டைப் பயன்படுத்தி, கொம்பும் காலும் உரிய இடத்தில் அமைந்துள்ளனவா எனச் சோதித்தல் வேண்டும். ஜேபெக் வகை எழுத்து விளிம்புகளில் கறை ஏற்படுத்துவதால் வரைபடங்களுக்கு ஏற்றதன்று.

முடிவுரை

அச்சளவை முதலில் உறுதிசெய்து, பிரிதிறனையும் உடன் குறித்து, அதன்பின்னரே வரைபடத்தை உருவாக்குதல் முறையாகும். அனுப்புவதற்கு முன் உண்மை அளவில் தாளில் அச்சிட்டு, மெய்ப்புள்ளிகள் தெரிகின்றனவா என நோக்குதல் தமிழ் வரைபடத்திற்குரிய எளிய சோதனையாகும். புள்ளி தெளிவாகத் தெரியுமாயின் ஏனைய உறுப்புகளும் பெரும்பாலும் தெளிவாகவே அமையும்.