பழைய நகலை எத்தனை நேரம் நம்பலாம்?

2009 ஜூன் 25. லாஸ் ஏஞ்சலீசில் மைக்கேல் ஜாக்சன் இறந்துவிட்டார் என்ற செய்தி பரவியதும், உலகம் முழுவதும் இருந்தவர்கள் விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையைத் திறந்தார்கள். ஒரு மணி நேரத்தில் கூட்டம் பத்து லட்சத்தை நெருங்கியது. தளம் திணறியது.

படிக்க வந்தவர்கள் மட்டும் என்றால் சமாளித்திருக்கலாம். திணறடித்தவை, அதே நேரத்தில் குவிந்த திருத்தங்கள்.

விக்கிப்பீடியாக் கட்டுரை ஒருவகைக் குறியீட்டு நடையில்தான் சேமிக்கப்படுகிறது. அதை நாம் பார்க்கும் பக்கமாக மாற்றுவது சர்வரின் வேலை. மேற்கோள்களும் அட்டவணைகளும் நிறைந்த நீண்ட கட்டுரைக்குப் பல விநாடிகள்கூட ஆகும். எனவே ஒருமுறை உருவாக்கிய பக்கத்தை நகலாக வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் அதையே எடுத்துக் கொடுப்பார்கள். யாராவது ஒரு வரியைத் திருத்திவிட்டால் அந்த நகல் செல்லாது. அன்று நகல் செல்லாமல் போன ஒவ்வொரு முறையும், அந்த நொடியில் வந்து நின்ற வாசகர்கள் ஒவ்வொருவருக்காகவும் அதே பக்கத்தைத் தனித்தனியாகத் தயாரிக்கத் தொடங்கின சர்வர்கள். ஒரே வேலை, திரும்பத் திரும்ப, ஒரே நேரத்தில்.

இப்படி எடுத்து வைக்கும் நகலுக்குக் கணினித் துறையில் 'கேஷ்' என்று பெயர். சமையலறையில் கடுகு மூட்டை பரண்மேல் இருக்கும். தாளிக்கும்போது கை போவது அஞ்சறைப்பெட்டிக்குத்தான். ஆனால் பெட்டிக்குள் வந்த பிறகு கடுகு மாறுவதில்லை. தகவல் மாறும். தரவுத்தளத்தில் மூலம் மாறிய பிறகும் கேஷில் இருப்பது பழைய நகல்தான். ஒரு மென்பொருளில் கேஷைச் சேர்க்க ஒரு நாள் போதும்; எந்தத் தகவல் எவ்வளவு நேரம் பழசாக இருக்கலாம் என்று தீர்மானிப்பதுதான் அசல் வேலை.

இன்றைய இணையதளங்களில் கேஷ் தனி அடுக்காக நிலைபெற்றதில் 'லைவ்ஜர்னல்' தளத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் 1999இல், மாணவராக இருந்தபோது தொடங்கிய நாட்குறிப்புத் தளம் அது. பயனர்கள் பெருகப் பெருக, ஒவ்வொரு பக்கத்துக்கும் தரவுத்தளத்தைத் தொந்தரவு செய்ய வேண்டியிருந்தது. வன்தட்டில் ஒரு தகவலைத் தேடிப் போக ஏறத்தாழ 10 மில்லி விநாடி ஆகும். ரேம் நினைவகத்தில் எட்டிப் பார்க்க 100 நானோ விநாடி. லட்சம் மடங்கு வித்தியாசம்! ஃபிட்ஸ்பாட்ரிக்கின் சர்வர்களிலோ ரேம் ஆங்காங்கே சும்மா கிடந்தது. அந்த உதிரி இடங்களையெல்லாம் சேர்த்து ஒரே பெரிய கேஷாக மாற்ற 2003இல் அவர் உருவாக்கிய மென்பொருள்தான் 'மெம்கேஷ்டி'.

அதன் எளிமை இன்றும் வியக்க வைக்கிறது. தகவலின் பெயரை வைத்து ஒரு சிறு கணக்குப் போட்டால், அது எந்த சர்வரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளத் தேவையில்லை. இடம் நிறைந்தால், நெடுநேரமாக யாரும் கேட்காத தகவல் வெளியேறும். ஒரு சர்வர் நின்றுபோனாலும் எதுவும் தொலையாது, மூலம் தரவுத்தளத்தில் பத்திரமாக இருக்கிறது. லைவ்ஜர்னலில் கேட்கப்பட்ட தகவல்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கேஷிலேயே கிடைத்தன.

பின்னால் இதை மிகப் பெரிய அளவில் பயன்படுத்திய ஃபேஸ்புக், ஜாக்சன் கட்டுரைக்கு நேர்ந்ததைப் போன்ற நெரிசலைச் சந்தித்தது. கேஷில் ஒரு தகவல் காணாமல் போனால், அதைக் கேட்டவர்கள் அத்தனை பேரும் தரவுத்தளத்தை மொய்க்கிறார்கள். 2013இல் அதன் பொறியாளர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதற்கான தீர்வைச் சொல்கிறது. முதலில் வருபவருக்கு மட்டும் ஒரு டோக்கன். அவர் போய்த் தரவுத்தளத்திலிருந்து எடுத்து வரட்டும், மற்றவர்கள் கொஞ்சம் பொறுக்கட்டும். ஒரு தகவலுக்குப் பத்து விநாடிக்கு ஒரு டோக்கன்தான். நெரிசலுக்கு எளிதில் இலக்காகும் சில தகவல்களில் இதைச் சோதித்தபோது, தரவுத்தளத்துக்குப் போன கேள்விகள் உச்ச நேரத்தில் விநாடிக்கு 17,000 என்பதிலிருந்து 1,300 ஆகக் குறைந்தன. கொஞ்சம் பழைய தகவல் போதும் என்றால் காத்திருக்கவும் வேண்டாம், பழைய நகலையே வாங்கிக்கொள்ளலாம். விக்கிப்பீடியாவும் ஏறக்குறைய இதே வழிக்கு வந்தது. ஒரு சர்வர் பக்கத்தை உருவாக்கும், மற்றவை காத்திருக்கும் அல்லது பழையதைக் கொடுக்கும். 'மைக்கேல் ஜாக்சன் சிக்கல்' என்றே அதன் பொறியாளர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள்.

கேஷைக் காக்கவென்று எழுதிய நிரலே தளத்தைக் கவிழ்த்ததும் உண்டு. 2010 செப்டம்பர் 23 அன்று ஃபேஸ்புக் சுமார் இரண்டரை மணி நேரம் முடங்கியது. கேஷில் தவறான அமைப்பு மதிப்பு இருந்தால், அதைத் தூக்கிவிட்டு மூலத்திலிருந்து சரியானதை எடுத்து வைக்கும் தானியங்கி ஏற்பாடு ஒன்று அங்கே இருந்தது. அன்று மூலத்திலேயே தவறான மதிப்பு பதிவாகியிருந்தது. எல்லாக் கணினிகளும் அதைச் சரிசெய்யப் பாய்ந்தன. விநாடிக்கு லட்சக்கணக்கான கேள்விகளில் தரவுத்தளம் மூழ்கியது. அது பதில் சொல்ல முடியாமல் பிழை காட்டியதும், அந்தப் பிழையையும் தவறான மதிப்பென்று எடுத்துக்கொண்ட கணினிகள் கேஷிலிருந்ததை அழித்துவிட்டு மறுபடியும் கேட்டன. இந்தச் சுழலை அறுக்கத் தளத்தையே நிறுத்திவிட்டு, தரவுத்தளம் மீண்டதும் பயனர்களைச் சிறிது சிறிதாக உள்ளே விட்டார்கள்.

இவற்றில் யாருடைய அந்தரங்கமும் வெளியே போகவில்லை. 2015 கிறிஸ்துமஸ் அன்று 'ஸ்டீம்' விளையாட்டுக் கடையில் நடந்தது வேறு ரகம். தளத்தை முடக்கும் தாக்குதலைச் சமாளிக்க, கேஷ் விதிகளை அவசரமாக மாற்றினார்கள். அதில் நேர்ந்த பிழையால், ஒருவருக்காக உருவான பக்கத்தின் நகல் இன்னொருவருக்குப் போனது. முகவரி, மின்னஞ்சல், வாங்கிய பொருட்களின் பட்டியல், கடன் அட்டை எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் எல்லாம் அந்நியர் கண்ணில் பட்டன. ஏறத்தாழ 34,000 பேர் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று ஸ்டீமை நடத்தும் 'வால்வ்' நிறுவனம் பின்னர் தெரிவித்தது.

எனவே, எவ்வளவு நேரம் பழசாக இருக்கலாம் என்பதற்கும் முன்னால், இந்த நகல் யாருக்குச் சொந்தம் என்று கேட்டாக வேண்டும். செய்திப் பக்கம் எல்லோருக்கும் பொது. அரை நிமிடம் பழையதாக இருந்தாலும் குடி முழுகிவிடாது. வங்கிக் கணக்கின் இருப்பு ஒருவருக்கு மட்டுமே உரியது, பணம் எடுக்கும் நொடியில் மூலத்தைத்தான் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே விதியில் அடக்க நினைப்பவர், கேஷ் அடுக்கைச் சேர்க்காமலே இருப்பது நல்லது.