வலிப்பு வந்தால் படிப்பை நிறுத்தலாமா?

இரண்டாம் வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருந்தது. திடீரென்று ஒரு சிறுமி கீழே விழுந்தாள். கை, கால்கள் வெட்டி இழுத்தன. வாயில் நுரை தள்ளியது.

பிள்ளைகள் அலறினார்கள். சமையல்கார அம்மா சாவிக் கொத்தோடு ஓடி வந்தார்.

"டீச்சர், இரும்பைக் கையில் கொடுங்கள்!" என்றார்.

"சாவி வேண்டாம் அம்மா. கடிகாரத்தைப் பாருங்கள்" என்றார் ஆசிரியை.

அவர் பலகை, பைகளை அப்பால் தள்ளினார். சிறுமியின் தலைக்கடியில் துணியை மடித்து வைத்தார். கழுத்துப் பொத்தானைத் தளர்த்தினார். மெல்ல ஒருக்களித்துப் படுக்க வைத்தார். எச்சில் வெளியே வடிந்தது. மூச்சு அடைக்கவில்லை.

இரண்டு நிமிடத்தில் இழுப்பு நின்றது. சிறுமி அயர்ந்து தூங்கினாள்.

"பார்த்தீர்களா அம்மா? தானாகவே நின்றுவிட்டது. சாவி கொடுத்திருந்தால் சாவியால் நின்றது என்று நினைத்திருப்போம்" என்றார் ஆசிரியை.

செய்தி கேட்டுத் தாய் ஓடி வந்தார்.

"ஏதோ காற்று பட்டிருக்கிறது டீச்சர். இனி இவள் வீட்டிலேயே இருக்கட்டும்" என்று அழுதார்.

"இது காற்றும் இல்லை, பேயும் இல்லை. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். படிப்பை மட்டும் நிறுத்தாதீர்கள்" என்றார் ஆசிரியை.

வலிப்பு ஏன் வருகிறது?

நம் மூளையில் மிகச் சிறிய அளவில் மின்சாரம் ஓடுகிறது. அது சில நேரம் தாறுமாறாக ஓடும். அப்போது வலிப்பு வரும். தலையில் அடி, மூளைக் காய்ச்சல் எனக் காரணங்கள் பல. பலருக்குக் காரணம் தெரிவதில்லை. இது ஒட்டுநோய் அல்ல.

சில பிள்ளைகள் கீழே விழுவதில்லை. சில நொடிகள் வெறித்துப் பார்ப்பார்கள். கூப்பிட்டால் காதில் விழாது. 'கவனம் இல்லை' என்று திட்டு வாங்குவார்கள். அதுவும் வலிப்பாக இருக்கலாம்.

முறையாக மாத்திரை சாப்பிட்டால், 10 பேரில் 7 பேர் வரை வலிப்பு இல்லாமல் வாழ முடியும். டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

நினைவில் கொள்ள வேண்டியவை:

1. வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதுவும் வைக்கக் கூடாது.
2. கை, கால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது.
3. முதல் முறை வலிப்பு வந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.
4. 5 நிமிடத்திற்கு மேல் நீடித்தாலோ, அடுத்தடுத்து வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.
5. மாத்திரை பற்றிப் பெற்றோர் ஆசிரியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

6 முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் படிக்கும் உரிமை உண்டு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இதைச் சொல்கிறது. வலிப்பு உள்ள பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு.

பத்து நாள் கழித்துச் சிறுமி வகுப்புக்கு வந்தாள். தோழி நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.