எண்ணி ஒரு சுற்று வந்துவிட்டால்? லினக்ஸ் கருவகத்தில் நடந்த ஒரு திருத்தம்



கணினி அறிவியலில் மூன்று வகைப் பிழைகளைப் படிக்கிறீர்கள்: தொடரியல் பிழை, இயக்கநேரப் பிழை, தருக்கப் பிழை. முதல் இரண்டும் பெரும்பாலும் தாமாகவே காட்டிக் கொடுத்துவிடும். மூன்றாவதுதான் ஆபத்து. நிரல் ஓடும், விடையும் வரும். ஆனா விடை தப்பா இருக்கும். இதற்கு ஓர் உண்மையான எடுத்துக்காட்டு, லினக்ஸ் இயங்குதளத்தின் கருவகத்தில் 2016-இல் திருத்தப்பட்ட ஒரு பிழை.

செயலிக்குள் ஒரு மீட்டர்

செயலிக்குள் சிறிய எண்ணிகள் உண்டு. எத்தனை கடிகாரத் துடிப்பு ஆனது, எத்தனை கட்டளை நிறைவேறியது என்று வன்பொருளே எண்ணிக்கொண்டிருக்கும். இவைதான் செயல்திறன் எண்ணிகள். லினக்ஸில் 2009 முதல் 'பெர்ஃப்' என்னும் பகுதி இவற்றைப் படித்துத் தருகிறது. ஒரு நிரல் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று தேடுபவர் இந்த எண்களைத்தான் நம்புகிறார்.

எண்ணிக்கு எல்லை உண்டு. இன்டெல் செயலிகள் சிலவற்றில் 40 பிட், சிலவற்றில் 48 பிட். 40 பிட் என்றால் ஏறத்தாழ 1.1 டிரில்லியன். பெரிய எண்தானே என்று தோன்றும். ஆனால் 2 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் துடிப்புகளை எண்ணினால் சுமார் 9 நிமிடத்தில் நிரம்பி, மறுபடியும் 0-க்கு வந்துவிடும்.

லோரி மீட்டரை வைத்துப் பார்ப்போம்

புக்கிட் ரோத்தான் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் ஒரு லோரியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் கிலோமீட்டர் மீட்டரில் 3 இலக்கம் மட்டும். 999-க்குப் பிறகு 000. காலையில் 950, மாலையில் 030. கழித்தால் −920. லோரி பின்னால் ஓடியது என்று யாரும் சொல்ல மாட்டோம். 1000 கூட்டி, 80 கிலோமீட்டர் என்போம்.

ஒரு நிபந்தனை: இடையில் முழுச் சுற்று ஓடியிருக்கக் கூடாது. 1080 கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் மீட்டர் 030-தான் காட்டும். ஆகவே சுற்று முடிவதற்குள் மீட்டரைப் பார்த்தாக வேண்டும்.

கருவகமும் இதைத்தான் செய்கிறது. எண்ணியில் ஒரு தொடக்க எண்ணை எழுதி வைக்கும். எண்ணி நிரம்பி 0 ஆனதும் செயலி ஒரு குறுக்கீடு அனுப்பும். கருவகம் எண்ணியைப் படித்து, வேறுபாட்டை மொத்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

பிழை எங்கே?

முன்பு இந்தத் தொடக்க எண்ணை 31 பிட் எல்லைக்குள்தான் அமைக்க முடிந்தது. அதனால் 2 கிகாஹெர்ட்ஸில் நொடிக்கு ஒருமுறை குறுக்கீடு வந்தது. புதிய செயலிகளில் எண்ணியின் முழு அகலத்திலும் எழுதலாம் என்றானது. 2013-இல் கருவகமும் மாறி, முழுச் சுற்றுக்கு ஒருமுறை படித்தால் போதும் என்று வைத்தது. குறுக்கீடுகள் குறைந்தன. நல்ல எண்ணம்தான்.

ஆனால் குறுக்கீடு வருவதும் எண்ணியைப் படிப்பதும் ஒரே கணத்தில் நடப்பதில்லை. நம் 3 இலக்க மீட்டரை 001-இல் தொடங்குங்கள். 999 அடி போனதும் 000, குறுக்கீடு வருகிறது. படிப்பதற்குள் இன்னும் 4 அடி; மீட்டர் 004. கணக்கு 4 − 1 = 3. உண்மையில் எண்ணியது 1003! ஒரு முழுச் சுற்றே காணாமல் போனது. பிழைச் செய்தி எதுவும் வராது.

இன்டெலின் சில்வர்மான்ட், நைட்ஸ் லேண்டிங் வகைச் செயலிகளில் கணக்கு தவறுகிறது என்று புகார் வந்தது. நைட்ஸ் லேண்டிங் சாதாரணச் செயலி அல்ல. அமெரிக்காவின் 'கோரி' மீகணினியில் பயன்பட்டது. அங்கே எண்ணிக்கையில் ஒரு டிரில்லியன் குறைந்தால், எந்த நிரல் வேகமானது என்ற முடிவே மாறிப்போகலாம்.

இரண்டு திருத்தம்

பீட்டர் சைல்ஸ்ட்ரா செய்த திருத்தம் லினக்ஸ் 4.9-இல் சேர்ந்தது. முதலில், முழுச் சுற்றுக்குப் பதில் அரைச் சுற்று. மீட்டரை 500-இல் தொடங்கினால், 500 அடியில் 000, படிக்கும்போது 004. 4 − 500 + 1000 = 504. சரியான விடை.

ஆனால் இதைச் சரிசெய்ததும் ஒளிந்திருந்த இன்னொரு பிழை வெளியே வந்தது. இரண்டின் நிரப்பி முறையில் இடக்கோடி பிட் 1 என்றால் எதிர்ம எண். அரைச் சுற்றைத் தாண்டிய வேறுபாட்டுக்கு அந்த பிட் 1 ஆகிவிடும். எனவே 504-ஐக் கணினி −496 என்று எடுத்துக்கொள்ளும். எண்ணி ஒருபோதும் பின்னோக்கிப் போகாது. ஆகவே, வேறுபாட்டைக் குறியற்ற எண்ணாக மாற்றினார்கள். இரண்டும் சேர்ந்த பிறகே கணக்கு சரியானது.

வகுப்பில் செய்து பார்க்க

4 பிட் எண்ணி ஒன்று 1000-இல் தொடங்குகிறது. ஒருமுறை 0-ஐக் கடந்து 0010 காட்டுகிறது. எத்தனை எண்ணியது?

விடை: 2 − 8 = −6; 16 கூட்டினால் 10. இரும வடிவம் 1010. இதையே குறியுள்ள எண்ணாகப் படித்தால் −6 வரும். மாணவர் −6 என்று எழுதினால் உடனே தவறு போடாதீர்கள். "எண்ணி பின்னால் போகுமா?" என்று கேளுங்கள், அவரே திருத்திக்கொள்வார்.