அவர் ஒத்துக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டாம்

குடிநோய் புகுந்த வீட்டில் வருடக்கணக்கில் நடப்பது ஒரே வாக்குவாதம்தான். ‘நான் என்ன தினமுமா குடிக்கிறேன்?’, ‘நினைச்சா நாளைக்கே விட்டுடுவேன்’, ‘மாலை போட்டப்போ 48 நாள் ஒரு சொட்டு தொட்டேனா?’ என்று கணவர் கேட்பார். மனைவி பதிலுக்கு ஆதாரங்களை அடுக்குவார். அவர் முதலில் உணர வேண்டும், பிறகு சிகிச்சை, அதன் பிறகே நிம்மதி என்றுதான் மாமியாரும் அண்ணனும் ஊர்ப் பெரியவர்களும் சொல்கிறார்கள். இந்த வரிசையே தவறு என்பது என் வாதம். சில வாரம் நிறுத்த முடிவதால் நோய் இல்லை என்றாகாது. மாலையைக் கழற்றிய பின் தொடங்கினால் அளவோடு நிறுத்த முடிகிறதா, காலையில் ஒரு கட்டிங் போடாமல் கை நடுக்கம் நிற்கிறதா என்றே மருத்துவர் பார்ப்பார். மறுப்பும் பெரும்பாலும் நோயோடு சேர்ந்தே வருவது. போதையின் உச்சத்தில் மூளை நினைவுகளைப் பதிவுசெய்வதில்லை என்பதால், ‘நான் அடிக்கவே இல்லை’ என்று காலையில் சொல்பவர் பொய் சொல்லாமலும் இருக்கலாம். ஆனால் அவருக்கு நினைவில்லை என்பதற்காக மனைவியின் முதுகில் இருக்கும் காயம் இல்லாமல் போய்விடாது.

அவர் ஒத்துக்கொள்ளாத நிலையிலும் குடும்பத்தார் செய்யக்கூடியது உண்டு என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. சிகிச்சைக்கு வர மறுப்பவர்களின் குடும்பத்தினர் 130 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 1999-ல் வெளியானது. உறவினர்கள் கூடி ஒரே நாளில் எதிர்கொள்ளும் முறையில் 30 சதவீதக் குடிநோயாளிகளே சிகிச்சைக்கு வந்தார்கள். குடும்பத்தாருக்கு மட்டும் தனியாகப் பயிற்சி தந்த ‘கிராஃப்ட்’ முறையில் 64 சதவீதம் பேர் வந்தார்கள். பயிற்சி என்றால் போதையில் இருக்கும்போது தர்க்கம் செய்யாமல் தெளிந்த பின் பேசுவது, குடிக்காத நாளை இதமாக்குவது, குடியின் விளைவை மூடி மறைக்காமல் இருப்பது. கடைசியானதுதான் கடினம். ‘அவருக்குக் காய்ச்சல் சார்’ என்று சூப்பர்வைசருக்குப் போன் செய்வதும், மகளிர் குழுவில் கடன் எடுத்து அவர் வாங்கிய கைமாற்றை அடைப்பதும், விடிவதற்குள் வாந்தியைக் கழுவிச் சட்டை மாற்றிப் படுக்கவைப்பதும் அன்பினால்தான். ஆனால் குடியின் விலை அவருக்குத் தெரியாமலே போவதும் இதனால்தான். இதைச் சொல்வது மனைவி மீது பழி போடுவதற்காக அல்ல. அவர் குடிப்பதற்கு மனைவி காரணம் இல்லை. அடிதடி நடக்கும் வீட்டில் இந்த மாற்றங்கள் ஆபத்தை மூட்டலாம் என்பதால் அங்கே பாதுகாப்புக்குத்தான் முதலிடம்.

‘இதெல்லாம் மெதுவான வழி, சட்டென்று தீர்வு வேண்டும்’ என்பவர்கள் மூன்று காரியங்களில் இறங்குகிறார்கள், மூன்றும் உயிரோடு விளையாடுவது. சாப்பாட்டில் தெரியாமல் கலக்கச் சொல்லி விற்கும் பொடியில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. அது டைசல்ஃபிரம் என்ற மருந்தாக இருந்தால், அதன் மேல் குடிக்கும்போது ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். நோயாளியின் முழுச் சம்மதத்தோடு மருத்துவர் தரும் மருந்து அது. அடுத்தது, கோயிலில் கயிறு கட்டி அன்றே நிறுத்துவது. நம்பிக்கையைக் குறை சொல்லவில்லை. ஆனால் தினமும் காலையிலேயே குடிப்பவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பும், அதையடுத்துப் பிதற்றலும் வரலாம். கயிறு கட்டும் முன் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்ட வேண்டும். மூன்றாவது, ஆள் வைத்துத் தூக்கிப்போய் ஏதோ ஒரு மறுவாழ்வு மையத்தில் அடைப்பது. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி விருப்பமின்றிச் சேர்க்க மனநல மருத்துவர் உள்ளிட்ட இருவர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும், தனக்கோ பிறருக்கோ ஆபத்து போன்ற காரணம் இருக்க வேண்டும், அதுவும் முதலில் 30 நாள் வரைதான். பதிவு இல்லாத மையத்துக்கு யாரையும் வைத்திருக்க உரிமையில்லை.

அடிதடி நடக்கும் வீட்டில் மனைவி சட்டத்தை நாடலாம் என்றால் எழும் ‘நோயாளி என்று நீங்களே சொல்கிறீர்கள், நோயாளி மேல் வழக்கா?’ என்ற கேள்வி நியாயமானது. குடிநோய் உண்மையில் நோய்தான். ஆனால் தேசியக் குடும்பநல ஆய்வின் (2019–21) கணக்கில், அடிக்கடி போதையாகும் கணவர்களின் மனைவியரில் சுமார் 70 சதவீதம் பேர் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். குடிக்காதவர்களின் மனைவியரிலும் சுமார் 23 சதவீதம். குடி வன்முறையைப் பெருக்குகிறது, ஆனால் குடியில்லாமலும் அடி விழுகிறது. ஆகவே ‘குடிச்சாதான் அப்படி, மத்தபடி தங்கம்’ என்ற சமாதானத்தை நம்பி வீட்டில் இருப்பவர்கள் அடிவாங்கிக்கொண்டிருக்க முடியாது. 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் சிறைக்கு அனுப்புவதில் தொடங்குவதில்லை. அதன்கீழ் மாஜிஸ்திரேட் முதலில் தருவது பாதுகாப்பு உத்தரவு. அதை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை. கணவருக்கு ஆலோசனை பெறும்படியும் உத்தரவிடலாம்.

விவாகரத்து கேட்காமலே இந்தச் சட்டத்தில் மனுச் செய்யலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வீடு கணவர் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்கும் உரிமை மனைவிக்கு உண்டு. வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் விடுவதும், மனைவியின் நகையை அடகு வைப்பதும் பொருளாதார வன்முறை. மகளிர் உரிமைத் தொகை வரும் ஏடிஎம் கார்டைப் பறித்து வைத்துக்கொள்வதும் அதில் அடங்கும். நீதிமன்றம் உத்தரவிட்ட பணத்தைக் கணவர் கட்டாவிட்டால், சம்பளத்தில் ஒரு பகுதியை நேரே மனைவிக்குத் தரும்படி வேலை கொடுப்பவருக்கே மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். சம்பள நாளன்று டாஸ்மாக் முந்திக்கொள்ளும் வீடுகளுக்கு இதைவிடப் பயனுள்ள பிரிவு இல்லை. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் மனு எழுத உதவுவார். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம், எண் 15100. ஆபத்து நேரத்துக்கு 181. குடியை நிறுத்துவது பற்றி மனைவியே கேட்டுத் தெரிந்துகொள்ள 14416. காயத்தோடு அரசு மருத்துவமனைக்குப் போனால், ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்’ என்று சொல்லாமல் யார் அடித்தது என்பதையே சொல்லிப் பதியவைத்து, சீட்டின் நகலை ஆதார், பாஸ்புக்கோடு சேர்த்து அம்மா வீட்டிலோ நம்பிக்கையான தோழி வீட்டிலோ கொடுத்து வைக்க வேண்டும்.