வகுப்பு தொடங்கப் போகிறது, விசா வரவில்லை! என்ன செய்வது?

(ஜோர்ஜ்டவுன் பெற்றோர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட தொலைக்காட்சிக் கருத்தரங்க உரையின் சுருக்கம்)



மேற்படிப்புக்காகக் கடல் கடந்து போவது பினாங்குக்குப் புதிதல்ல. பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் மாணவர் வூ லியென் தே 1896ஆம் ஆண்டிலேயே உபகாரச் சம்பளம் பெற்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குப் போய் மருத்துவம் படித்தார். அன்று கப்பலில் பல வாரப் பயணம். இன்று ஒரே நாளில் லண்டன் போய்விடலாம். ஆனால், விசா வர வேண்டுமே!

ஆகஸ்டு மாதக் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயர் ஈத்தாமில் ஒரு வீடு. தகப்பனார் ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்து, மகளின் கட்டணத்தில் முதல் தவணையைக் கட்டிவிட்டார். விமான டிக்கெட்டும் வாங்கியாகிவிட்டது. விசா மட்டும் வரவில்லை. வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

விசா கிடைக்கும் நாள் நம் கையில் இல்லை. ஆனால், குறையில்லாமல் விண்ணப்பிப்பதும், தாமதம் என்று தெரிந்தவுடன் பல்கலைக்கழகத்திடம் பேசுவதும் நம் கையில்தான் இருக்கின்றன. இந்த இரண்டையும் சரியாகச் செய்தால், தாமதம் வந்தாலும் படிப்பு பாழாகாது.

தாமதம் எங்கே தொடங்குகிறது?

நம் பிள்ளைகள் பலர் போகும் பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். வகுப்பு தொடங்குவதற்கு 6 மாதம் முன்பிருந்தே மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். முடிவு வழக்கமாக 3 வாரத்தில் வரும். ஆனால், சேர்க்கையை உறுதிப்படுத்திப் பல்கலைக்கழகம் தரும் சி.ஏ.எஸ். எண் இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது. ஏ லெவல் எழுதியவர்களுக்கு முடிவு வருவதே ஆகஸ்டு நடுவில்தான். வகுப்போ செப்டம்பர் கடைசியில். இடையில் இருப்பது ஐந்தாறு வாரம். அதற்குள் ஆவணங்களையும் தேடி அலைந்தால் கால அவகாசம் எப்படிப் போதும்? ஆகவே, தேர்வு முடிவுக்குக் காத்திராமல் மூன்று வேலைகளை ஜூன், ஜூலையிலேயே முடித்துவிடுங்கள்.

முதலாவது, காசநோய்ப் பரிசோதனை. மலேசியாவிலிருந்து 6 மாதத்துக்கு மேல் பிரிட்டனில் தங்கப் போகிறவர்களுக்கு இது கட்டாயம். அந்நாடு அங்கீகரித்த மருந்தகத்தில்தான் செய்ய வேண்டும். சான்றிதழ் 6 மாதம் செல்லும். எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தால் சளிப் பரிசோதனை கேட்பார்கள். அதன் முடிவுக்கு 8 வாரம்கூட ஆகலாம். ஆகஸ்டில் போய் நின்றால் செப்டம்பர் வகுப்பு போய்விடும்.

இரண்டாவது, பெயர். நம் கடப்பிதழில் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று இல்லை. 'ஏ/எல்', 'ஏ/பி' போட்டுத் தகப்பனார் பெயர் வரும். வெளிநாட்டுப் படிவமோ குடும்பப் பெயரைக் கேட்கும். ஒரு படிவத்தில் ஒருவிதமாகவும், இன்னொன்றில் வேறுவிதமாகவும் எழுதிவிடுகிறோம். பல்கலைக்கழகக் கடிதத்தில் உள்ள பெயரைக் கடப்பிதழோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே திருத்தித் தரச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பணம். கட்டணத்துக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் வேண்டிய தொகை, தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள்கூடக் குறையக் கூடாது. சேமநிதியில் இருக்கும் பணம் இதற்குக் கணக்கில் வராது. அது வங்கிக்கு வந்தாக வேண்டும். பெற்றோர் கணக்கைக் காட்டலாம். அதற்குப் பிறப்புப் பத்திரமும் சம்மதக் கடிதமும் வேண்டும். மலேசியர்கள் இந்த ஆவணங்களை முன்கூட்டியே இணைக்க வேண்டியதில்லை என்ற சலுகை உண்டு. அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். கேட்டால் காட்டியே ஆக வேண்டும்.

நம்மேல் தவறே இல்லாதபோது?

அப்படியும் நடக்கும். 2025 மே 27இல் அமெரிக்கா, உலகம் முழுவதும் மாணவர் விசாவுக்கான புதிய நேர்காணல் தேதி கொடுப்பதை நிறுத்தி வைத்தது. ஜூன் 18இல்தான் மீண்டும் தொடங்கப் போவதாக அறிவித்தது. விண்ணப்பதாரர்கள் தங்கள் சமூக ஊடகப் பக்கங்களை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. நேர்காணலுக்குப் பினாங்கு மாணவர் கோலாலம்பூர் தூதரகத்துக்குத்தான் போக வேண்டும். கோடையில் மூன்று வாரம் நின்று போனால் எத்தனை நெருக்கடி என்று நினைத்துப் பாருங்கள்.

கோவிட் காலத்தில் 2020 மார்ச்சில் எல்லையை மூடிய ஆஸ்திரேலியா, தடுப்பூசி போட்ட வெளிநாட்டு மாணவர்களுக்கு 2021 டிசம்பர் 15இல்தான் பொதுவாகக் கதவைத் திறந்தது. இவையெல்லாம் மாணவர் குற்றமா? இல்லை.

அப்போது செய்ய வேண்டியவை:

* மின்னஞ்சலைத் தினமும் பாருங்கள். கூடுதல் ஆவணம் கேட்ட கடிதம் குப்பைப் பெட்டியில் கிடக்கலாம்.
* பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவுக்கு எழுதி, எந்தத் தேதி வரை தாமதமாக வரலாம் என்று கேளுங்கள். பதிலை எழுத்து மூலம் வாங்குங்கள்.
* அந்தத் தேதிக்குள் விசா வராது என்று தெரிந்தால், சேர்க்கையை அடுத்த தவணைக்குத் தள்ளிப்போடக் கேளுங்கள். பிரிட்டன் என்றால் அதற்குப் புதிய சி.ஏ.எஸ். வேண்டும்.
* உபகாரச் சம்பளம், கடனுதவி தருபவர்களுக்கும் உடனே தெரிவியுங்கள்.
* விசா வரும் முன் தேதி மாற்ற முடியாத டிக்கெட்டை வாங்காதீர்கள். முன்பணம் கட்டும் முன்பே, விசா கிடைக்காவிட்டால் திருப்பித் தருவார்களா என்று கேட்டுவிடுங்கள்.

ஒரு தாயாரின் கேள்வி

"பிரிட்டனுக்குச் சுற்றுலா போக மலேசியர்களுக்கு விசா வேண்டாமே. மகனை அப்படி அனுப்பிவிட்டு, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாமா?" என்று ஒரு தாயார் கேட்டார்.

வேண்டாம் அம்மா. 2025 ஜனவரி முதல் மலேசியர்கள் இ.டி.ஏ. என்னும் மின் அனுமதி பெற்று 6 மாதம் வரை அங்கே தங்கலாம். ஆனால், வருகையாளராகப் போனவர் அங்கிருந்தபடியே மாணவர் விசாவுக்கு மாற முடியாது. முகவர் எவராவது "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னாலும் நம்பாதீர்கள். பொய் சொல்லி நுழைந்தது பதிவாகிவிட்டால், பிற்பாடு கேட்கும் விசாவுக்கும் அது முட்டுக்கட்டையாகும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. விசா தாமதமாவது தோல்வியல்ல. "ஊரெல்லாம் சொல்லிவிட்டோமே" என்று பிள்ளையைக் குத்திக் காட்டாதீர்கள். சொந்தக்காரர்கள் கேட்டால் "ஜனவரியில் போகிறாள்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். வகுப்பு அடுத்த தவணையிலும் தொடங்கும். நீங்கள் காக்க வேண்டியது பிள்ளையின் மன உறுதியையும், நீங்கள் பாடுபட்டுச் சேர்த்த பணத்தையும்தான்.