விற்பனைக்கு வரும் பந்தயத் தாய்க்குதிரைகள்: வம்சாவளியும் இனப்பெருக்கமும்

பந்தயத் தாய்க்குதிரை என்பது குட்டி ஈனுவதற்காகப் பண்ணையில் வைத்து வளர்க்கப்படும் தரோபிரெட் இனப் பெட்டைக்குதிரை ஆகும். பெரும்பாலானவை சில ஆண்டுகள் பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்றவை. ஓடாமலேயே பண்ணைக்கு வந்தவையும் உண்டு. இத்தகைய குதிரைகள் ஏலத்துக்கு வரும்போது விற்பனைப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கப்படுகிறது. அதன் தாய், பாட்டி, கொள்ளுப்பாட்டி எவை, அவை ஈன்ற குட்டிகள் எந்தப் பந்தயங்களில் வென்றன என்ற விவரமே அந்தப் பக்கத்தின் பெரும்பகுதி. அதை நம்பிப் பெருந்தொகை கைமாறுகிறது. ஆகவே வம்சாவளி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று பிரித்தறிவது வாங்குபவருக்கு முதல் தேவை.

சொல் விளக்கம்

குதிரை, ஒட்டகம், கழுதை ஆகியவற்றின் பெண்பாலைப் பெட்டை என்று வழங்கலாம் என்கிறது தொல்காப்பிய மரபியல். குதிரையின் இளமைப் பெயராக அது கூறுவது கன்று. இன்றைய வழக்கில் குட்டி என்பதே பரவலாக உள்ளது. இனப்பெருக்கத்துக்கான ஆண் குதிரை, பொலிகாளை என்பதைப் போலப் பொலிகுதிரை எனப்படும்.

தரோபிரெட் இனமும் மூடிய பதிவேடும்

தரோபிரெட் இனம் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் உருவானது. கீழைநாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆண் குதிரைகளை அங்கிருந்த பெட்டைகளுடன் சேர்த்து இதை உருவாக்கினர். இன்றுள்ள தரோபிரெட் குதிரைகள் அனைத்தும் தந்தைவழியில் பையர்லி டர்க், டார்லி அரேபியன், கோடால்ஃபின் அரேபியன் என்ற மூன்று குதிரைகளில் ஒன்றைச் சென்றடைகின்றன. இவற்றுள் டார்லி அரேபியனின் வழியே மிகப் பெரியது. 1764இல் பிறந்த எக்லிப்ஸ் என்ற புகழ்பெற்ற குதிரை இந்த வழியில் வந்ததே.

1791இல் ஜேம்ஸ் வெதர்பி என்பவர் இந்தக் குதிரைகளின் வம்சாவளியைத் தொகுத்து ஒரு முன்னோட்ட நூலாக வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்ததே ‘ஜெனரல் ஸ்டட் புக்’ என்னும் பதிவேடு. பதிவான தாய்க்கும் பதிவான தந்தைக்கும் பிறந்த குட்டியே தரோபிரெட் என்று ஏற்கப்படும். வெளி இரத்தம் உள்ளே வர வழியில்லை என்பதால் இதை மூடிய பதிவேடு என்பர். இந்தியாவில் பிறக்கும் குட்டிகளை, புனேயில் இயங்கும் இந்திய ஸ்டட் புக் அமைப்பு பதிவு செய்கிறது. தாய் தந்தையர் யார் என்பது இப்போது மரபணுச் சோதனையால் உறுதி செய்யப்படுகிறது.

தமிழகமும் குதிரையும்

தமிழகம் நெடுங்காலமாகக் குதிரையை வளர்த்த நாடு அல்ல, வாங்கிய நாடு. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியே குதிரைகள் வந்ததைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசர் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கியதாகவும், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாததால் ஆண்டு முடிவதற்குள் அவற்றில் மிகச் சிலவே எஞ்சியதாகவும் எழுதியுள்ளார். உயர்ந்த ஆண் குதிரையை உயர்ந்த பெட்டையோடு சேர்த்தாலும் இங்கே பிறக்கும் குட்டி கால் கோணிய, சவாரிக்கு உதவாத சிறு குட்டியாகவே இருந்தது என்பதும் அவர் குறிப்பு. நல்ல வம்சம் மட்டும் போதாது, தீவனமும் நிலமும் பராமரிப்பும் சேர வேண்டும் என்பதற்கு இது பழைய சான்று.

பிற்காலத்தில் இந்தக் குறையைப் போக்கப் பண்ணைகள் தோன்றின. ஓசூர் அருகே மத்திகிரியில் இன்று கால்நடைப் பண்ணையாக உள்ள இடம், 1824இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கப்பட்டது. கர்நாடகத்தின் குனிகல் பண்ணை திப்பு சுல்தான் காலத்திலிருந்து பெயர் பெற்றது. சென்னையில் கிண்டி குதிரைப் பந்தயத்தின் மையமாயிற்று. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் அமைக்கப்பட்டது. பந்தயத் தூரத்தை அளக்கும் ஃபர்லாங் (ஏறத்தாழ 201 மீட்டர்) என்ற அளவு, அப்பகுதியின் ஐந்து ஃபர்லாங் சாலையின் பெயரில் இன்றும் உள்ளது.

தாய்வழிக்கு ஏன் இத்தனை இடம்?

குட்டி தன் மரபணுவில் ஏறத்தாழப் பாதியைத் தாயிடமும் பாதியைத் தந்தையிடமும் பெறுகிறது. அப்படியிருக்க, பட்டியலின் பெரும்பகுதி தாய்வழிக்கு ஒதுக்கப்படுவதன் முதல் காரணம் எண்ணிக்கை. புகழ்பெற்ற ஒரு பொலிகுதிரைக்கு ஒரே ஆண்டில் நூறு குட்டிகளுக்கு மேல் பிறக்கலாம். பெட்டை ஆண்டுக்கு ஒன்றுதான் ஈனும். தந்தை ஒன்றாக இருப்பதை வைத்து உறவு கொண்டாடினால் நாட்டிலுள்ள பாதிக் குதிரைகள் அண்ணன் தம்பிகளாகிவிடும். எனவே ஒரு தாய் வயிற்றில் பிறந்தவை மட்டுமே உடன்பிறப்புகள் என்பது இத்துறையின் வழக்கம். தந்தை ஒன்று, தாய் வேறு என்றால் அவை உடன்பிறப்புகள் எனப்படுவதில்லை.

இரண்டாவது காரணம் உடலியல். கருவிலிருக்கும் 11 மாதமும், பிறந்தபின் பால் குடிக்கும் மாதங்களும் குட்டியின் வளர்ச்சி தாயைச் சார்ந்தது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுவும் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது.

ஆஸ்திரேலியரான புரூஸ் லோ, பதிவேட்டிலுள்ள குதிரைகளைத் தாய்வழியே பின்னோக்கித் தொடர்ந்து, 43 ஆதித்தாய்களின் குடும்பங்களாகப் பிரித்தார். டெர்பி, ஓக்ஸ், செயின்ட் லெஜர் ஆகிய மூன்று ஆங்கிலப் பந்தயங்களில் அதிக வெற்றியாளர்களைத் தந்த குடும்பத்துக்கு எண் 1 என்று தொடங்கி வரிசை கொடுத்தார். அந்தக் குடும்ப எண்கள் இன்றும் பயன்படுகின்றன. ஆனால் அவை வரலாற்று அடையாளங்களே. பத்துத் தலைமுறைக்கு முன் ஒரு குதிரைக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உள்ளன. அதில் ஓரிடத்தில் இருக்கும் ஆதித்தாயின் வழியைக் கொண்டு இன்றைய குட்டியின் வேகத்தைக் கணிக்க இயலாது.

பட்டியல் பக்கத்தைப் படிக்கும் முறை

பக்கத்தின் மேலே பெட்டையின் நிறம், பிறந்த ஆண்டு, மூன்று தலைமுறை மூதாதையர் பெயர்கள் இருக்கும். கீழே முதலில் அதன் சொந்த ஓட்ட விவரமும் ஈன்ற குட்டிகளும் வரும். அடுத்து அதன் தாய், பிறகு பாட்டி என்று வரிசை பின்னோக்கிச் செல்லும். தரவரிசை பெற்ற உயர்ந்த பந்தயங்களில் வென்ற அல்லது இடம்பிடித்த குதிரைகளின் பெயர்கள் தடித்த எழுத்தில் அச்சிடப்படும். அந்தத் தடித்த எழுத்துக்குத்தான் சந்தையில் விலை.

இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, தடித்த எழுத்து எந்தத் தலைமுறையில் உள்ளது என்பது. பெட்டையின் சொந்தக் குட்டியோ உடன்பிறப்போ வென்றிருந்தால் அது நெருங்கிய சான்று. கொள்ளுப்பாட்டியின் பிள்ளைகள் மட்டும் வென்று, இடையிலுள்ள தலைமுறைகள் வெறுமையாக இருந்தால் அது பழம்பெருமையே. இரண்டாவது, வெற்றிகளை மொத்தக் குட்டிகளோடு ஒப்பிட வேண்டும். எட்டுக் குட்டிகளில் இரண்டு வென்றதும், இரண்டு குட்டிகளில் இரண்டும் வென்றதும் ஒன்றல்ல. மூன்றாவது, பக்கம் எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது. விற்பனைப் பட்டியல் வெற்றியை எடுத்துச் சொல்லும். ஓடாத குட்டியையும் நொண்டிய குட்டியையும் பற்றி நீட்டி எழுதாது. பட்டியலில் இல்லாத ஆண்டுகளில் என்ன நடந்தது என்று பதிவேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சினையாக விற்கப்படும் பெட்டையென்றால் சேர்த்த பொலிகுதிரையின் பெயரும் கடைசியாகச் சேர்த்த தேதியும் குறிக்கப்பட்டிருக்கும். வாங்குபவருக்குத் தாயும் வயிற்றிலுள்ள குட்டியும் சேர்ந்தே கிடைக்கின்றன.

இனப்பெருக்கக் கணக்கு

பெட்டைக்குதிரையின் சினைக்காலம் சராசரியாக 340 நாள். ஈன்ற ஏழு முதல் பத்து நாளுக்குள் அது மறுபடி பருவத்துக்கு வரும். அதன்பின் ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை பருவம் வரும். ஆண்டுக்கு ஒரு குட்டி தவறாமல் கிடைக்க வேண்டுமானால், 365இல் 340 போக மீதமுள்ள 25 நாளுக்குள் அடுத்த சினை பிடிக்க வேண்டும். இது பல ஆண்டு தொடர்ந்து நடப்பது அரிது. தாமதம் சேர்ந்துகொண்டே போய், ஏதோ ஓராண்டு பெட்டை குட்டியில்லாமல் நிற்கும். எனவே பட்டியலில் ஓராண்டு வெற்றிடம் இருந்தால் அது மலட்டுத்தன்மை ஆகாது. அடுத்தடுத்து மூன்று ஆண்டு வெற்றிடம் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

இன்னொரு நெருக்கடியும் உண்டு. இந்தியா உள்ளிட்ட வட கோள நாடுகளில் எல்லாத் தரோபிரெட் குதிரைகளுக்கும் ஜனவரி 1ஆம் தேதியே பிறந்தநாளாகக் கொள்ளப்படுகிறது. ஜனவரியில் பிறந்த குட்டியும் மே மாதம் பிறந்த குட்டியும் ஒரே வயதுப் பிரிவில் ஓட வேண்டும். ஆகவே முன்கூட்டிப் பிறந்த குட்டிக்கு மதிப்பு அதிகம்.

சிங்கப்பெருமாள் கோவில் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பசுவுக்குச் சினை ஊசி போடுவது சாதாரணம். தரோபிரெட் குதிரைக்கு அது செல்லாது. சினை ஊசியாலோ கருமாற்றத்தாலோ பிறந்த குட்டியைப் பதிவேடு ஏற்காது. பெட்டையைப் பொலிகுதிரை உள்ள பண்ணைக்கே கொண்டுசென்று நேரடியாகச் சேர்க்க வேண்டும். இந்த விதியால்தான் ஒரு பொலிகுதிரையின் குட்டிகளின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உள்ளது.

புகழ்பெற்ற தாய்கள்

1921இல் பிறந்த மும்தாஜ் மஹால் என்ற பெட்டையை, அடுத்த ஆண்டு டான்காஸ்டர் ஏலத்தில் மூன்றாம் ஆகா கானுக்காக 9,100 கினிக்கு வாங்கினர். குறுந்தூரப் பந்தயங்களில் அது மின்னல்போல் ஓடியது. ஆனால் அதன் உண்மையான மதிப்பு பண்ணையில் தெரிந்தது. அதன் ஒரு மகள் 1936ஆம் ஆண்டு டெர்பி பந்தயத்தை வென்ற மஹ்மூதை ஈன்றது. இன்னொரு மகள் மும்தாஜ் பேகம் ஈன்ற நஸ்ருல்லா, அமெரிக்காவில் பெரும் பொலிகுதிரையாகி, 1973இல் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற செக்ரட்டேரியட்டின் பாட்டனாயிற்று.

இதே தாய்வழியில் வந்த பெத்தித் எத்துவால் பந்தயத்தில் பெரும் வெற்றி பெற்றும் பண்ணையில் ஏமாற்றியது. அது ஈன்ற ஒரே பெண் குட்டி ஸஹ்ரா. அந்த ஒற்றை இழையில் பல தலைமுறை கழித்துப் பிறந்த ஸர்காவா, 2008இல் பிரான்சின் ஆர்க் பந்தயத்தை வென்றது. ஹஸிலி என்ற பெட்டையின் கதை இதற்கு நேர்மாறு. அது சுமாராகவே ஓடியது. ஆனால் அதன் ஐந்து குட்டிகள் முதல் தரப் பந்தயங்களை வென்றன. ஓட்டத்தில் சிறந்தது தாய்மையிலும் சிறக்கும் என்ற உறுதி இல்லை என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன.

சான்று கண்முன் இருக்கும்போது விலை ஏறும். பெட்டர் தேன் ஹானர் ஈன்ற இரண்டு குட்டிகள் அமெரிக்காவின் பெல்மாண்ட் பந்தயத்தை 2006, 2007 என அடுத்தடுத்த ஆண்டுகளில் வென்றன. 2008இல் அந்தத் தாய் 1.4 கோடி டாலருக்கு ஏலம் போனது.

வம்சாவளியின் எல்லை

ஒரே தாய்க்கும் ஒரே தந்தைக்கும் பிறந்த இரு குட்டிகளின் பட்டியல் பக்கம் ஒன்றுதான். ஆனால் அவை பெறும் மரபணுக்கள் ஒன்றல்ல. குறுந்தூர வேகத்துக்கும் நெடுந்தூரத் தாக்குப்பிடிப்புக்கும் தொடர்புள்ள மயோஸ்டேட்டின் என்ற மரபணு வேறுபாடு 2010இல் கண்டறியப்பட்டது. குறுந்தூர வேகத்துக்குரிய வடிவம் ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன் பிரிட்டனில் இருந்த ஒரு பெட்டையிடமிருந்து இனத்துக்குள் வந்திருக்கலாம் என்று 2012இல் வெளியான ஆய்வு கூறியது. ஆண் மூதாதையர் மூவரின் பெயர் உலகறிந்தது. வேகத்தைத் தந்த அந்தத் தாயின் பெயர் தெரியாது.

மூடிய பதிவேட்டின் விலை உட்கலப்பு. ஒரே மூதாதை தந்தை பக்கத்தில் மூன்றாம் தலைமுறையிலும் தாய் பக்கத்தில் நான்காம் தலைமுறையிலும் வந்தால் 3×4 என்று குறிப்பர். அத்தை மகனும் மாமன் மகளும் மணந்து பிறக்கும் குழந்தைக்குக் கொள்ளுப்பாட்டன் இரு பக்கமும் ஒருவரே, அது 3×3. 2020இல் வெளியான ஆய்வு ஒன்று, 45 ஆண்டுகளில் தரோபிரெட் இனத்தில் உட்கலப்பு கூடியிருப்பதையும், சோதித்த குதிரைகளில் 97 விழுக்காட்டின் வம்சாவளியில் நார்தர்ன் டான்ஸர் என்ற ஒரே குதிரை இருப்பதையும் காட்டியது. இந்தியாவில் பலமுறை முதலிடம் பெற்ற பொலிகுதிரையான ரஸீன் அதன் மகனே. ஆகவே புகழ்பெற்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வரும் பக்கத்தைக் கண்டு மகிழ்வதைவிட, சேர்க்கப்போகும் பொலிகுதிரையிடமும் அதே பெயர்கள் உள்ளனவா என்று பார்ப்பதே அறிவு.

சட்டத்தின் பார்வை

குதிரையை மதிப்பிடுவது அறிவா, அதிர்ஷ்டமா என்ற கேள்வி தமிழ்நாட்டிலிருந்தே உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாடு அரசு 1974இல் சட்டம் இயற்றியது. அதையொட்டி எழுந்த வழக்கில் 1996 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. குதிரையின் இயல்பான திறன், பயிற்சி, உடல்நிலை, ஓட்டுபவரின் ஆற்றல், தூரம் முதலியவற்றை ஆராய்ந்து மதிப்பிட முடியும் என்பதால் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று நீதிமன்றம் கூறியது.

தாய்க்குதிரையை வாங்குவதிலும் இதுவே அளவுகோல். முதலில் பெட்டை ஈன்ற குட்டிகளின் சாதனை, அடுத்து அதன் சொந்த ஓட்டம், பிறகு உடன்பிறப்புகள், கடைசியாகப் பழைய தலைமுறைகள் என்ற வரிசையில் பக்கத்தைப் படிக்க வேண்டும். அதன்பின் கால்களையும் கருப்பையையும் மருத்துவரைக் கொண்டு பார்க்க வேண்டும். வம்சாவளி நம்பிக்கைக்கு இடம் தரும். குட்டி எழுந்து நின்று ஓடும் வரை அது நம்பிக்கை மட்டுமே.